ரோல் பிங்கரா, நெகட்டிவா? மணல் கிரவுண்டுல நிக்கிற தம்பிக்குக் கிளவுஸ் வாங்கணும்

பாம்பன் அண்ணன் | மே 4, இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் பதினாறு வயசு, எங்க ஊர் புட்பால் டீம்ல கோலி. இப்ப மீன்பிடித் தடைக்காலம் ஓடுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையிலதான். கடலுக்குப் போற பசங்க மொத்தமா ஊர்ல இருக்கிற காலம் இதுதான்கிறதால எங்க பக்கம் செவன்ஸ் மேட்செல்லாம், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடுறது, இப்பத்தான் வைப்பாங்க. ஜூன் முதல் வாரத்துல ஒரு டோர்னமென்ட்டுக்குப் பேர் குடுத்திருக்கோம்.

தம்பி போட்டுக்கிட்டிருக்கிறது சித்தப்பா மகன் போட்டுக் கழிச்ச கிளவுஸ். சைஸ் 10. இவன் கைக்கு விரல் நுனியில ரெண்டு சென்டிமீட்டர் காலியாத் தொங்குது. உள்ளங்கை ரப்பர் உரிஞ்சு அடியில இருக்கிற மஞ்சப் பஞ்சு தெரியுது. போன வாரம் ரொம்பக் கிட்டத்துல இருந்து ஒருத்தன் அடிச்ச பந்து அந்தக் காலி நுனியில பட்டு, வலது கை மோதிர விரல் பின்பக்கமா வளைஞ்சிருச்சு. ராமநாதபுரம் போயி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியலை. நடு மூட்டு வீங்கியிருக்கு, மூணு வாரம் ஆடாம இருக்கச் சொல்லியிருக்காங்க.

கடையில ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு ரோல் பிங்கர், விரல் பின்னால வளையாம இருக்க உள்ள ஸ்பைன்னு ஒரு விறைப்பான பட்டை வச்சது. இன்னொண்ணு நெகட்டிவ் கட், ஸ்பைன் இல்லை. ரெண்டும் 1,500 ரூபாய்க்குப் பக்கத்துல. நான் பந்து ஆடினவன் இல்லை, இன்ஜின் வேலை பாக்குறவன். எதை வாங்குறதுன்னு புரியலை.

எங்க அம்மா பாசி எடுக்கப் போகும். பாறை கிழிக்காம இருக்க விரல் விரலாத் துணி சுத்திக்கிட்டுத்தான் கடல்ல இறங்கும். தம்பி சின்னப்பிள்ளையில அந்தத் துணியைச் சுத்திக்கிட்டுத்தான் முதல் முதல்ல கோல்ல நின்னான். இதுவரைக்கும் அவன் கைக்குன்னு வாங்கின கிளவுஸ் ஒண்ணுகூடப் போட்டதில்லை. இந்தத் தடவை சரியா வாங்கிக் குடுத்திரணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை கீப்பர் | மே 4, இரவு 11.15

தம்பி, நான் கீழக்கரை, இப்ப துபாய்ல இருக்கேன். பதினாலு வருஷம் கோல்ல நின்னவன். விலையையும் கலரையும் அப்புறம் பாப்போம். முதல்ல கட்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கங்க. உள்ளங்கைப் பக்கம் இருக்கிற ரப்பரையும் புறங்கைத் துணியையும் விரல் ஓரத்துல எப்படிச் சேர்த்துத் தைச்சிருக்காங்களோ, அதுதான் கட்டு.

பிளாட் கட் இருக்கிறதுலயே பழசு. உள்ளங்கையில ஒரே தட்டையான ரப்பர், விரலோட ரெண்டு பக்கமும் தனியாத் துணிப்பட்டை, தையல் வெளியே தெரியும். விரல் உள்ள கொஞ்சம் தாராளமா இருக்கும். பந்துக்கு எதிரா அகலமான பரப்பு கிடைக்கும். 1974 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனி ஜெயிச்சப்ப கோல்ல நின்னவர் செப் மேயர். பெரிய கிளவுஸ் போட்டு நிக்கிறதைப் பிரபலமாக்கினவர்னு அவரைத்தான் சொல்லுவாங்க.

ரோல் பிங்கர்ல பக்கவாட்டுத் துணிப்பட்டையே கிடையாது. ரப்பரே விரலைச் சுத்தி உருண்டு போயி புறங்கையில சேரும். பந்து விரலோட ஓரத்துல உரசினாலும் ரப்பர்தான் படும். விரல் நுனியால தட்டி விடுற பந்துக்கு இதுதான் கை குடுக்கும்.

நெகட்டிவ்ல தையலை உள்பக்கமாத் திருப்பியிருப்பாங்க. விரலோட ஒட்டிக்கும், இன்னொரு தோல் மாதிரி இருக்கும். ஒல்லியான விரலுக்கு நல்லது. ஆனா பந்துல படுற பரப்பு பிளாட்டை விடக் குறைச்சல்.

இது போக ஹைப்ரிட்னு வருது. ஒரு விரலுக்கு ரோல், ஒரு விரலுக்கு நெகட்டிவ்னு கலந்து தைச்சது.

உங்க தம்பிக்கு என் ஓட்டு ரோல் பிங்கர், ஸ்பைனோட. அடிபட்ட விரல் இன்னொரு தடவை பின்னால வளையக் கூடாது. எனக்கு 2009ல சுண்டு விரல் இப்படித்தான் ஆச்சு, அதுக்கப்புறம் ஸ்பைன் இல்லாம நான் நின்னதே இல்லை.

தங்கச்சிமடம் நம்பர் 1 | மே 5, காலை 6.40

அண்ணா, நானும் கோலிதான். தங்கச்சிமடத்துப் பொண்ணு, காலேஜ் டீமுக்கு ஆடுறேன். நான் நெகட்டிவ்னு சொல்லுவேன்.

காரணம் இதுதான். தம்பிக்கு அடிபட்டது ஸ்பைன் இல்லாததால இல்லை. காலி நுனியால. ரெண்டு சென்டிமீட்டர் வெறும் ரப்பர் விரலுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருந்தா, பந்து அந்த நுனியில பட்டு விரலை நெம்புகோல் மாதிரித் தூக்கும். விரலோட ஒட்டி நிக்கிற கிளவுஸ்ல அந்த நெம்புற வேலையே நடக்காது.

எனக்கும் முதல்ல ஆம்பளைங்க சைஸ் பிளாட் கட்தான் குடுத்தாங்க. பந்தைப் பிடிக்கும்போது என் விரல் மூடிரும், கிளவுஸ் மூடாது. ரெண்டு வருஷம் என்னைக் கை நழுவுறவள்னு திட்டினாங்க. நெகட்டிவ் சைஸ் 7 போட்ட அன்னைக்குத்தான் பந்து கையில உக்காந்துச்சு. கோளாறு என் கையில இல்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு.

மூக்கையூர் கடல் | மே 5, காலை 7.25

அண்ணே, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம கிரவுண்டு மணல். சிப்பி ஓடு, வேலிக்கருவை முள்ளு எல்லாம் கிடக்கும். டிவியில பாக்குற புல்லுத் தரையில நிக்கிறவங்களுக்குச் செஞ்ச ரப்பர் இங்க பத்து மேட்ச் தாங்காது. 1,500 ரூபாய் பத்து மேட்ச்சுல போகும். தடைக்காலத்துல வீட்டுல வருமானமும் இல்லை. வெறுங்கையில ஆடப் பழகச் சொல்லுங்க.

2004 யூரோ காலிறுதியில போர்ச்சுகல் கோலி ரிகார்டோ இங்கிலாந்துக்கு எதிரா பெனால்டில கிளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையோட நின்னாரு. வாசெல் அடிச்ச பந்தைத் தடுத்துட்டு, அடுத்த பெனால்டியைத் தானே அடிச்சு ஜெயிக்க வச்சாரு. கை இருக்கிறவனுக்குக் கை போதும்.

பி.டி. சார் | மே 5, காலை 10.05

நான் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கடற்கரையின் பல ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் ஆடியிருக்கிறார்கள்.

மூக்கையூர்த் தம்பிக்கு முதலில். ஆட்ட விதி 4 சொல்லும் கட்டாய உடுப்பில் கையுறை இல்லை என்பது உண்மை. சட்டை, கால்சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் நாங்கள் வெறுங்கையோடு நின்றவர்கள்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கோலி பீட்டர் தங்கராஜைப் பற்றி எங்கள் ஆசிரியர் சொல்லச் சொல்ல வளர்ந்தோம். ஆனால் ரிகார்டோ கழற்றியது பெனால்டி நேரத்தில் மட்டும். நூற்றிருபது நிமிடம் அவர் கையுறையோடுதான் நின்றார். ஏற்கெனவே வீங்கிய மூட்டோடு இருக்கும் பதினாறு வயதுப் பையனை வெறுங்கையோடு நிற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வெறுங்கையில் நின்ற என் சுண்டு விரல்கள் இரண்டும் இன்றைக்கும் நேராக இல்லை.

கீழக்கரைத் தம்பியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஸ்பைன் வைத்த கையுறை விறைப்பாக இருக்கும். வளரும் பிள்ளை பந்தை விரலால் உணர்ந்து, கட்டை விரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடிக்கக் கற்க வேண்டிய வயது. விறைத்த விரல் பந்தைச் சுற்றி மடங்காது. பிடிக்க வேண்டிய பந்தையெல்லாம் பையன் தட்டிவிடப் பழகிவிடுவான். செவன்ஸில் தட்டிவிட்ட பந்து எதிராளி காலுக்குத்தான் போகும்.

கீழக்கரை கீப்பர் | மே 5, மதியம் 1.30

சார், உங்க மேல மரியாதை வச்சுத்தான் சொல்றேன். செவன்ஸ்ல அஞ்சு மீட்டர்ல இருந்து அடிக்கிறான். அவன் அடிக்கிற பந்து 410ல இருந்து 450 கிராம் எடை. ஊர் டோர்னமென்ட்ல பம்ப் வச்சு யாரும் அளந்து காத்து ஏத்துறதில்லை, கல்லு மாதிரி ஏத்துறான். அந்தப் பந்துக்கு டெக்னிக் காட்ட நேரமே கிடையாது. கை எங்க இருக்கோ அங்க வந்து படும். அந்த நேரத்துல ஸ்பைன் விரலைக் காப்பாத்தும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். எல்லா ஸ்பைனும் ஸ்பைன் இல்லை. கடையில கிளவுஸ் விரலைப் பிடிச்சு பின்பக்கமா வளைச்சுப் பாருங்க. முன்னால மடங்கணும், பின்னால மடங்கவே கூடாது. மலிவான சிலதுல ரெண்டு பக்கமும் மடங்குற வெறும் பிளாஸ்டிக் பட்டையை வச்சுத் தைச்சிருக்கான். அதுல விறைப்பு மட்டும்தான் மிச்சம், விரலுக்குக் காவல் இல்லை.

கடைப் பையன் ராம்நாடு | மே 5, மாலை 4.48

நான் ஸ்போர்ட்ஸ் கடையில வேலை பாக்குறேன். அண்ணே பார்த்த கடை எங்க கடையான்னு தெரியாது, எதுவா இருந்தாலும் இதைப் படிச்சிட்டுப் போங்க.

சைஸ்: கட்டை விரலை விட்டுட்டு, மத்த நாலு விரல் ஆரம்பிக்கிற இடத்துல உள்ளங்கையைச் சுத்தி டேப் வச்சு இஞ்சுல அளங்க. வர்றதை அடுத்த முழு எண்ணா ஆக்கி, ஒண்ணு கூட்டுங்க. 6.8 இஞ்சுன்னா 7, அதோட ஒண்ணு, சைஸ் 8. இது ஆரம்பக் கணக்கு மட்டும்தான். போட்டுப் பாக்காம வாங்காதீங்க. விரல் நுனிக்கு முன்னால அரை சென்டிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் இடம் இருந்தா சரி.

ரப்பர்: இதுதான் நம்ம ஊருக்கு முக்கியம், இதை யாரும் கேக்குறதே இல்லை. எல்லாரும் கட்டைப் பத்திக் கேப்பாங்க, கலரைப் பத்திக் கேப்பாங்க. மிருதுவான லேடெக்ஸ் பந்தைக் கவ்வும், ஆனா மணல்ல சீக்கிரம் உரியும். கெட்டியான லேடெக்ஸ் கொஞ்சம் கம்மியாக் கவ்வும், ஆனா நாள் தாங்கும். கடையில ரெண்டு கிளவுஸோட உள்ளங்கையையும் ஒட்டி அழுத்திப் பிரிச்சுப் பாருங்க. மிருதுவானது பிசுக்குன்னு இழுத்துக்கிட்டுப் பிரியும். கெட்டியானது சத்தமில்லாமப் பிரியும். கெட்டியானதைப் பார்த்தா இது கவ்வலையேன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துருவாங்க. கடலோர ஊர்க்காரங்களுக்கு நான் கெட்டியானதைத்தான் எடுத்து வைப்பேன்.

மூக்கையூர் அண்ணனுக்கு: பத்து மேட்ச் கணக்கு மிருதுவான ரப்பருக்குச் சரியா இருக்கலாம். கெட்டியானதுக்குச் சரி இல்லை.

மூக்கையூர் கடல் | மே 5, மாலை 6.10

கடைத் தம்பி, நான் வச்சிருந்தது என்ன ரப்பர்னு எனக்கே தெரியாது. ஆன்லைன்ல வாங்கினது. தனுஷ்கோடி பக்கம் ஆடப் போனப்ப கடல் தண்ணியில நனைச்சு நனைச்சு ஆடினேன். ஈரமா இருந்தா நல்லாப் பிடிக்கும்னு சொன்னாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தகரக் கூரை மேல காய வச்சேன். மறுநாள் எடுத்துப் பார்த்தா உள்ளங்கை பூரா வெடிச்சு, கோடையில வத்துன கண்மாய்த் தரை மாதிரி ஆயிருச்சு. கையை மடக்கினா துண்டு துண்டா விழுந்துச்சு. அந்தக் கோவத்துலதான் வெறுங்கைன்னு சொன்னேன்.

கடைப் பையன் ராம்நாடு | மே 5, மாலை 6.32

அண்ணே, நீங்க சொன்ன எல்லாமே லேடெக்ஸுக்கு எதிரி. நனைக்கிறது சரி, வறண்ட லேடெக்ஸ் வழுக்கும். ஆனா நல்ல தண்ணி வேணும். கடல் தண்ணி காஞ்சா உப்பு ரப்பருக்குள்ள தங்கிரும், ரப்பர் விறைச்சிரும். வெயில் அதுக்கு மேல. லேடெக்ஸ் வெயில்ல வெந்துரும். பாட்டில்ல கிணத்துத் தண்ணியோ குடிதண்ணியோ கொண்டு போங்க. மேட்ச் முடிஞ்ச உடனே நல்ல தண்ணியில அலசி, பிழியாம உள்ளங்கையால மெல்ல அழுத்தித் தண்ணியை எடுத்துட்டு, நிழல்ல காத்தாட மாட்டுங்க. வாஷிங் மெஷின் வேண்டாம், சோப்புப் பவுடர் வேண்டாம். புதுசா வாங்கினதையும் போடுறதுக்கு முன்னால ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணியில அலசணும், மேல ஒரு பூச்சு இருக்கும், அது போனாத்தான் பிடிக்கும்.

தங்கச்சிமடம் நம்பர் 1 | மே 5, இரவு 8.20

நனைச்சா நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. தென்கடல் பக்கம் கச்சான் காத்து அடிக்கும்போது ஈரக் கிளவுஸ்ல மணல் வந்து அப்பிக்கும். மணல் அப்பின கையில பந்து பிடிச்சா உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரிதான். நான் போஸ்ட்டுக்குப் பின்னால ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு துண்டும் வச்சிருப்பேன். பந்து மறுபக்கம் இருக்கும்போது ரெண்டு சொட்டு ஊத்தித் துண்டுல ஒத்திக்குவேன். ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது.

பிசியோ பட்டினம் | மே 6, காலை 8.15

இதுவரைக்கும் எல்லாரும் நல்லா இருக்கிற விரலுக்குத்தான் கிளவுஸ் பேசுறீங்க. இந்தப் பையன் விரல் நல்லா இல்லையே. நான் பிசியோதெரபிஸ்ட், அதனால அந்த மூட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நடு மூட்டு பின்னால வளைஞ்ச காயத்துக்கு அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோட சேர்த்து டேப் சுத்துறது வழக்கம். தம்பிக்கு இப்ப அப்படித்தான் சுத்தியிருப்பாங்க. ஆனா ரெண்டு விரலைச் சேர்த்துக் கட்டினா கிளவுஸ் போட முடியாது. கிளவுஸ்ல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை. அதனால ஆட ஆரம்பிக்கும்போது மோதிர விரலை மட்டும் தனியா, மூட்டுக்கு மேலயும் கீழயும் டேப் சுத்தி விடுவாங்க. அந்த டேப் விரலோட பருமனைக் கூட்டும். வீங்கின மூட்டும் மாசக்கணக்குல கொஞ்சம் தடிச்சே இருக்கும், அதுவும் சாதாரணம்தான்.

இப்ப யோசிங்க. டேப் சுத்தின, ஏற்கெனவே தடிச்ச விரலை, ஒட்டிப் பிடிக்கிற நெகட்டிவுக்குள்ள திணிச்சா என்ன ஆகும்? உள்பக்கத் தையல் சரியா அந்த மூட்டுல அழுத்தும். அரை மணி நேரத்துல விரல் மரத்துப் போகும். எந்தக் கட்டு வாங்கினாலும் டேப் சுத்தின விரலோடதான் கடையில போட்டுப் பாக்கணும். மூணு வாரம் முடிஞ்சு டாக்டர் சரின்னு சொல்லி, டேப் எப்படிச் சுத்துறதுன்னு காட்டின பிறகு போங்க. அதுக்கு முன்னால வாங்காதீங்க.

தங்கச்சிமடம் நம்பர் 1 | மே 6, காலை 8.50

இதை நான் யோசிக்கவே இல்லை. என் விரல்ல எப்பவும் டேப் கிடையாது, அதனால எனக்குத் தோணலை. அண்ணா, நான் சொன்ன நெகட்டிவை விட்டுருங்க. இந்த வருஷம் வேண்டாம். காலி நுனி கூடாதுன்னு சொன்னதுல மட்டும் நான் மாறலை.

பி.டி. சார் | மே 6, மாலை 5.30

பிசியோ சொன்னது பொன்னான வார்த்தை. இன்னொன்றும் கவனியுங்கள். கையுறை எங்கே தேய்கிறது என்று பழைய கையுறையைத் திருப்பிப் பாருங்கள். விரல் நுனிப் பக்கம் தேய்ந்திருந்தால் பந்து தேய்த்தது. மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கையின் அடிமேட்டில் தேய்ந்திருந்தால் பந்து இல்லை, தரை தேய்த்தது. விழுந்த பிள்ளைகள் உள்ளங்கையை ஊன்றி எழுந்திருப்பார்கள். நூறு முறை விழுந்தால் நூறு முறை அந்த ரப்பரை மணலில் அரைக்கிறார்கள். கையை முஷ்டியாக மடக்கி, முஷ்டியை ஊன்றி எழச் சொல்லுங்கள். நான் பிள்ளைகளுக்குப் பந்தே கொடுக்காமல் விழுந்து எழும் பயிற்சி மட்டும் ஒரு வாரம் கொடுப்பேன்.

பாம்பன் அண்ணன் | மே 6, இரவு 10.20

சார், இப்பத்தான் பழைய கிளவுஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு கையிலயும் மஞ்சப் பஞ்சு தெரியிறது உள்ளங்கை அடியிலதான். விரல் பக்கம் ரப்பர் இன்னும் முழுசா இருக்கு. நீங்க சொன்னது அப்படியே. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாம அதையே தடவிக்கிட்டு இருந்தான்.

ஆட விடும்போதுதான் கடைக்குப் போவேன். வந்து சொல்றேன்.

பாம்பன் அண்ணன் | மே 24, இரவு 9.05

போயிட்டு வந்துட்டோம். காலையில டாக்டர்கிட்டக் காட்டி, டேப் சுத்துறதைக் கத்துக்கிட்டு, அப்படியே கடைக்குப் போனோம். உள்ளங்கைச் சுத்தளவு 6.9 இஞ்சு. கணக்குப்படி சைஸ் 8.

முதல்ல ரோல் பிங்கர் 8, ஸ்பைனோட. மூணு விரல் நல்லாப் போச்சு. மோதிர விரல் டேப்போட மூட்டு வரைக்கும் போயி நின்னுருச்சு. அமுக்கினான், முகம் சுருங்குச்சு. சரின்னு 9 எடுத்தோம். விரல் போச்சு, ஆனா நாலு விரல் நுனியிலயும் ஒன்றரை சென்டிமீட்டர் காலி. தங்கச்சிமடம் பாப்பா சொன்ன நெம்புகோல்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வேண்டாம்னு வச்சிட்டோம். ஸ்பைனைக் கழட்டி எடுக்கிற மாதிரி ஒண்ணு காட்டினாங்க, மத்த விரல்ல ஸ்பைனை விட்டுட்டு மோதிர விரல்ல மட்டும் எடுக்கலாம்னாங்க. காப்பாத்த வேண்டிய விரல்ல இல்லாம மத்த விரல்ல இருந்து என்ன செய்ய?

நெகட்டிவ் 8 போட்டே பாக்கலை. தையலைத் தொட்டுப் பார்த்தேன், உள்ள மேடா இருந்துச்சு. பிசியோ சொன்னது சரி.

கடைசியா, நான் பார்த்து வைக்காதது ஒண்ணு, பிளாட் கட் சைஸ் 8. தையல் வெளியே இருக்கிறதால டேப் விரல் எங்கயும் இடிக்காமப் போச்சு. நுனியில ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மியா இடம். ரப்பர் கெட்டி, ஒட்டிப் பிரிச்சுப் பார்த்தோம், சத்தமே வரலை. 1,250 ரூபாய்.

தம்பிக்கு முதல்ல பிடிக்கலை. பழைய மாடல் மாதிரி இருக்கு, பெட்டி பெட்டியா இருக்குன்னான். கடைக்காரரு ஒரு பந்தை எடுத்து கொஞ்சம் தள்ளி நின்னு நெஞ்சுக்கு நேரா எறிஞ்சாரு. பிடிச்சான். இன்னும் வேகமா எறிஞ்சாரு. பிடிச்சான். விரல் வலிக்குதான்னு நான் கேட்டேன். அவன் பதில் சொல்லலை, இன்னொண்ணு எறியுங்கன்னு அவரைப் பார்த்துச் சொன்னான். நான் காசை எடுத்துக் குடுத்துட்டேன்.

கீழக்கரை கீப்பர் | மே 24, இரவு 9.50

சரியா வாங்கியிருக்கீங்க தம்பி. ஸ்பைன் வேணும்னு நான் அழுத்திச் சொன்னது என் சுண்டு விரலை நினைச்சு. உங்க தம்பி விரலுக்கு டேப்தான் இப்ப ஸ்பைன் வேலையைப் பாக்குது. ரெண்டையும் ஒரே அறைக்குள்ள திணிக்க முடியாதுன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. வீக்கம் முழுசா வத்தி, டேப் இல்லாம ஆடுற காலத்துல ரோல் பிங்கர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை லீவுல வரும்போது ஒண்ணு நான் வாங்கிட்டு வர்றேன், சைஸ் மட்டும் அப்ப அளந்து சொல்லுங்க.

பாம்பன் அண்ணன் | மே 29, காலை 7.10

மூணு நாள் பிராக்டிஸ் முடிஞ்சுது. சார் சொன்ன மாதிரி முதல் நாள் பந்தே குடுக்கலை, விழுந்து முஷ்டியில எந்திரிக்கிறது மட்டும். ரெண்டாவது நாள் மறந்து மறந்து உள்ளங்கையை ஊன்றினான், ஒவ்வொரு தடவையும் டீம் பசங்க ஒண்ணாக் கத்துனாங்க. மூணாவது நாள் அஞ்சாறு தடவைதான் மறந்தான். நேத்து ராத்திரி கிளவுஸைத் திருப்பிப் பார்த்தேன். வலது கை அடிமேட்டுல லேசா ஒரு தேய்ப்பு இருக்கு, அது முதல் ரெண்டு நாள்ல விழுந்தது. மத்தபடி ரப்பர் அப்படியே இருக்கு.

அம்மாதான் அலசிப் போடுது. குடத்துல கொஞ்சம் நல்ல தண்ணி எடுத்து அதுல அலசி, வீட்டுக்குப் பின்னால ஓலைச் சாய்ப்புக்குக் கீழ, அம்மா பாசித்துணி காயப்போடுற அதே கயித்துல மாட்டுது. வெயில் படக் கூடாதுன்னு நான் ஒரு தடவைதான் சொன்னேன். தினம் மறக்காம நிழல் பக்கமாத் தள்ளி விடுது.

ஒரே ஒரு சந்தேகம். மணிக்கட்டுல ஒட்டுற வெல்க்ரோ பட்டைக்குள்ள மணல் புகுந்து, இப்பவே சரியா ஒட்ட மாட்டேங்குது. அதுக்கு என்ன செய்யிறது?

தங்கச்சிமடம் நம்பர் 1 | மே 29, காலை 7.35

பழைய டூத் பிரஷ் எடுத்துக் கொக்கிப் பக்கத்தை ஒரே திசையில வாரி விடுங்க அண்ணா, காஞ்ச பிறகு வாரணும், ஈரத்துல வாரினா மணல் இன்னும் உள்ள போகும். முடி, நூல் ஏதாவது சிக்கியிருந்தா ஊசியால எடுங்க. அலசும்போது பட்டையை ஒட்டி மூடி வச்சிட்டு அலசினா அதுக்குள்ள மணல் போகாது. அம்மாகிட்ட இதையும் சொல்லிருங்க.

முதல் மேட்ச் என்னைக்கு? பக்கத்துலதானே இருக்கேன், தம்பி நிக்கிறதைப் பாக்க வர்றேன்.

பாம்பன் அண்ணன் | மே 29, காலை 7.48

ஜூன் 3, சாயங்காலம் நாலரை மணி, தென்கடல் பக்கம் கிரவுண்டு. காத்து இருக்கும். துண்டும் தண்ணி பாட்டிலும் போஸ்ட்டுக்குப் பின்னால நான் வச்சிருப்பேன்.

மூக்கையூர் கடல் | மே 29, காலை 8.30

நானும் வர்றேன் அண்ணே. அந்தக் கெட்டி ரப்பரை ஒரு தடவை கையில போட்டுப் பாக்கணும்.